நாவலூரில் நான் கம்பி எண்ணிய கதை
(ஒரு நிறுவனம் ஈ.ஆர்.பி.க்குத் தயாராவது எப்படி?)



"லீவுல என்னடா பண்ணினே?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "நாவலூரில் ஆறு வாரம் கம்பி எண்ணினேன்" என்றேன். "எந்த ஜெயிலு?" என்று சிரித்தார்கள். நான் எண்ணியது கட்டடக் கம்பி. இன்-பிளாண்ட் டிரெயினிங்குக்காகப் போன இடத்தில், ஈ.ஆர்.பி. என்னும் கம்ப்யூட்டர் முறையை ஒரு நிறுவனத்தில் புகுத்துவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ஒரு தப்பும் செய்தேன். அந்தத் தப்பால் ஒரு நல்ல மனிதர் மேல் திருட்டுப் பழி விழப் பார்த்தது. நாளைக்கு வேலைக்குப் போகும் உங்களுக்குப் பயன்படட்டும் என்று இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், அங்கே வேறு பஸ் மாறினால் நாவலூர். பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள். கொஞ்சம் தள்ளினால் சிறுசேரி சிப்காட். நாவலூர் என்றாலே எல்லோருக்கும் சாப்ட்வேர்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கட்டடங்களுக்குக் கம்பியும் சிமெண்டும் யாரோ கொடுத்திருக்க வேண்டுமே? அப்படிப்பட்ட ஒரு வியாபார நிறுவனம்தான் நான் போன இடம். பெயர் வேண்டாம். முன்னால் சிறிய ஆபீஸ், பின்னால் பெரிய யார்டு. "ஈ.ஆர்.பி. போடப் போறோம், உதவிக்குப் பையன் வேணும்" என்று கேட்டிருந்தார்கள். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டலாம் என்று ஆசையாகப் போனேன். முதல் நாளே கையில் சாக்பீஸைக் கொடுத்து, "போய்க் கம்பியை எண்ணிட்டு வா" என்றார் மேனேஜர்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன?

என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங் என்பதன் சுருக்கம் இது. தமிழில் நிறுவன வளத் திட்டமிடல் எனலாம். இதன் வேர் 1960-களில் இருக்கிறது. ஒரு மெஷின் செய்ய எந்த உதிரிபாகம் எத்தனை, எப்போது வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் எம்.ஆர்.பி. முறையை ஜோசப் ஆர்லிக்கி போன்றோர் அமெரிக்காவில் வளர்த்தனர். 1972-இல் ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் எஸ்.ஏ.பி.யைத் தொடங்கினர். ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990-இல் கார்ட்னர் நிறுவனம் வைத்தது. நம் ஊரும் இதில் பின்தங்கவில்லை. 1992-இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கிய ராம்கோ சிஸ்டம்ஸ், அந்தப் பத்தாண்டிலேயே 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி.யை உருவாக்கி வெளிநாடுகளிலும் விற்றது. அதன் தலைமை அலுவலகம் தரமணியில் இருக்கிறது. நாவலூருக்குப் போகும் இதே சாலையின் தொடக்கம் அது!

இதன் வேலையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒரு மேஸ்திரி போன் செய்து 100 கம்பி கேட்கிறார். பழைய முறையில் ஆபீஸில் ஆர்டர் நோட்டு, யார்டில் ஸ்டாக் நோட்டு, லாரிக்கு டெலிவரி சலான், கணக்கருக்கு டாலி என நான்கு இடத்தில் எழுத வேண்டும். நான்கும் ஒத்துப்போவது அபூர்வம். ஈ.ஆர்.பி.யில் ஒரே ஒரு பதிவுதான். ஆர்டர் போட்டால் ஸ்டாக் குறையும், பில் வரும், ஜி.எஸ்.டி. கணக்கில் ஏறும், மேஸ்திரியின் பாக்கியும் கூடும். அருமையான ஏற்பாடு! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு பதிவு தப்பானால் தப்பும் நான்கு இடத்துக்குப் போகும். பழைய முறையில் ஒரு நோட்டின் தப்பை இன்னொரு நோட்டு காட்டிக் கொடுக்கும். இங்கே காட்டிக் கொடுக்க இன்னொரு நோட்டு கிடையாது.

11 கம்பி எங்கே போச்சு?

இரண்டாவது வாரம் எனக்கு ஐட்டம் மாஸ்டர் வேலை வந்தது. அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் பெயர், அளவு, வரி, விலை எல்லாவற்றையும் பட்டியலாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது. கம்பியை மில்லிலிருந்து கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். சில்லறையில் எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள். ஆகவே ஒரு கம்பி எத்தனை கிலோ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

இது எனக்கு அல்வா சாப்பிடுவது போல. நம் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்தானே? விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 12 எம்.எம். கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் சுமார் 0.888 கிலோ. கம்பியின் நீளம் 12 மீட்டர். ஆக ஒரு கம்பி 10.66 கிலோ. ஒரே நாளில் எல்லாச் சைஸையும் போட்டு முடித்தேன். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். யார்டில் இருந்த ஸ்டோர் கீப்பரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எட்டாவது வரை படித்தவர், இருபது வருஷமாகக் கம்பியோடு இருப்பவர். 'சூத்திரம் இருக்கும்போது அவரை எதற்குக் கேட்பது?' என்பது என் எண்ணம்.

பழைய நோட்டும் புதிய கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடும் 'பேரலல் ரன்' தொடங்கியது. அந்தச் சமயம் 12 எம்.எம். பழைய சரக்கு தீர்ந்திருந்தது. புதிதாக 5,000 கிலோ லோடு வந்தது. கம்ப்யூட்டர் அதை 10.66-ஆல் வகுத்து 469 கம்பி என்று காட்டியது. ஒன்பது நாளில் 260 கம்பி விற்றது. மீதி 209 இருக்க வேண்டும். யார்டில் எண்ணினேன். 198 இருந்தது. மறுபடி எண்ணினேன். அதே 198.

11 கம்பி குறைவு! கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் ஏழாயிரம் ரூபாய்ச் சரக்கு. மேனேஜர் முகம் மாறியது. "பார்த்தியா, இத்தனை நாள் நோட்டுல தெரியாதது கம்ப்யூட்டர் வந்ததும் தெரியுது. யார்டுல கை வெச்சிருக்காங்க" என்றார். யாரைச் சொன்னார் என்பது அங்கிருந்த லோடுமேன்கள் எல்லோருக்கும் புரிந்தது. ஸ்டோர் கீப்பர் ஐயா பதில் பேசவில்லை. குடோனுக்குள் போய், அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. கடைசிப் பக்கத்தைப் பாரு."

வரிவரியாக ஒவ்வொரு லோடும் இருந்தது. தேதி, லாரி, எடை மேடைச் சீட்டின் எடை, பக்கத்திலேயே இறக்கும்போது எண்ணிய எண்ணிக்கை. கடைசி வரியில் 5,000 கிலோ, 458 கம்பி என்று எழுதி, லாரி டிரைவரின் கையெழுத்தும் வாங்கியிருந்தார். 458-இல் 260 போனால் 198. ஒரு கம்பிகூடக் குறையவில்லை!

"ஒவ்வொரு லோடும் ஒரே கனமா வராது தம்பி. ஒண்ணு தடியா வரும், ஒண்ணு லேசா வரும். கையில தூக்கினாலே தெரியும். அதான் ரெண்டையும் எழுதி வெப்பேன்" என்றார்.

5,000-ஐ 458-ஆல் வகுத்துப் பார்த்தேன். 10.92 கிலோ. எனக்கு வியர்த்துவிட்டது. மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐ.எஸ். 1786 தரவிதி, 12 எம்.எம். கம்பியின் எடை கணக்கிட்ட எடையிலிருந்து 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்க அனுமதிக்கிறது. அதாவது 10.13 கிலோ இருந்தாலும் சரி, 11.19 கிலோ இருந்தாலும் சரி, நல்ல கம்பிதான். பரீட்சைக்கு எழுதினேன், யார்டில் மறந்தேன்.

மேனேஜரிடம் போய், "சார், திருடு போகலை. நான் போட்ட கணக்குதான் தப்பு" என்று சொன்னேன். சொல்வதற்கு முன் வாசலில் பத்து நிமிஷம் நின்றது உண்மை. அவர் நோட்டை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து யார்டுக்குப் போய், லோடுமேன்கள் முன்னாலேயே ஐயாவிடம் "தப்பா பேசிட்டேன்" என்றார். அந்த மனசும் பெரியதுதான்.

கதை அதோடு முடியவில்லை. அந்த நோட்டை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. ஒரு கம்பிக்கு விலையை 10.66 கிலோவுக்குத்தான் போட்டு வந்திருக்கிறார்கள். 458 கம்பியை அந்தக் கணக்கில் விற்றால் 4,882 கிலோவுக்குத்தான் பணம் வரும். வாங்கியதோ 5,000 கிலோ. 118 கிலோ காசில்லாமல் போகிறது! லேசான லோடு வந்தால் அதே நஷ்டம் வாடிக்கையாளருக்கு. முதலாளி அன்றே முடிவு செய்தார்: இனி லோடு வாரியாக விலை. ஈ.ஆர்.பி.யில் ஒவ்வொரு லோடுக்கும் தனி லாட் நம்பர் கொடுத்து, எடைக்கு ஒரு கட்டம், எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் வைக்கும் வசதி முன்பே இருந்தது. அதைக் கேட்கத்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெரிய கம்பெனிகளும் சறுக்கியிருக்கின்றன

எங்களைப் போன்ற சின்ன யார்டுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்காவின் ஹெர்ஷீ சாக்லேட் கம்பெனி 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் புதிய முறையைப் போட்டது. நான்கு வருட வேலையை முப்பது மாதத்தில் முடிக்கப் பார்த்தார்கள். ஏப்ரலில் தொடங்க வேண்டியது தள்ளிப்போய், 1999 ஜூலையில் எல்லாப் பிரிவையும் ஒரே அடியாக மாற்றினார்கள். அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர்கள் குவியும் நேரம் அது. சாக்லேட் இருந்தும் அனுப்ப முடியாமல் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் கெட்டது. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ஸ்வீட் ஸ்டால்காரர் கல்லாவையும் பில் புத்தகத்தையும் சேர்த்து மாற்றியதைப் போல!

ஜெர்மனியின் லிடில் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2011-இல் எஸ்.ஏ.பி. வேலையைத் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பின் 2018-இல் அப்படியே கைவிட்டது. அங்கே பெரிய சிக்கல்களில் ஒன்று என்ன தெரியுமா? லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும் வழக்கம் உள்ளது. சாப்ட்வேரோ விற்கும் விலையில் மதிப்பிடும்படி அமைந்தது. தன் வழக்கத்தை மாற்ற நிறுவனம் சம்மதிக்கவில்லை. ஆகவே சாப்ட்வேரை வெட்டி ஒட்டிக்கொண்டே போனார்கள். எங்கள் யார்டின் கிலோவா, எண்ணிக்கையா என்ற தகராறும் இதே ஜாதிதான். அங்கே யூரோ, இங்கே கம்பி.

தயாராவது எப்படி?

ஆறு வாரத்தில் நான் பார்த்ததையும், செய்ததையும், செய்யத் தவறியதையும் சேர்த்து எட்டுப் படிகளாகத் தருகிறேன்.

1. ஏன் என்று எழுதுங்கள். "பக்கத்துக் கம்பெனிக்காரர் போட்டுட்டார்" என்பது காரணமாகாது. எங்கள் முதலாளி ஒரு தாளில் மூன்றே வரி எழுதினார்: ஸ்டாக் தெரியவில்லை; பாக்கி வசூல் தாமதம்; பில்லில் வரித் தப்பு. அந்த மூன்றும் தீர்கிறதா என்பதுதான் கடைசிவரை அளவுகோல்.

2. ஓர் ஆர்டரின் பின்னாலேயே நடங்கள். போன் வந்தது முதல் பணம் வருகிற வரை யார் என்ன எழுதுகிறார், எந்தச் சீட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பிளோ சார்ட் போட்டால் நடக்க வேண்டியதைத்தான் போடுவோம், நடப்பது தெரியாது. எங்கள் யார்டில் ஒரு மஞ்சள் சீட்டைத் தினமும் எழுதினார்கள். அதை யாரும் படிப்பதில்லை என்று கடைசியில் தெரிந்தது. அதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி என்ன பயன்?

3. சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். '12 கம்பி', '12 எம்.எம். ராடு', 'டி.எம்.டி. 12' என்று ஒரே சரக்குக்கு மூன்று பெயர் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அவை மூன்று சரக்கு. ஒன்றில் ஸ்டாக் இருக்கும், இன்னொன்றில் இல்லை என்று சொல்லும். எச்.எஸ்.என். குறியீட்டையும் வரியையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. பழைய பட்டியலை அப்படியே ஏற்றினால் பில்லெல்லாம் தப்பாகும்.

4. அளவுகளை யார்டில் போய்க் கேளுங்கள். கம்பி கிலோவில் வந்து எண்ணிக்கையில் போகிறது. எம்-சாண்ட் சில இடத்தில் டன், சில இடத்தில் யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வீட்டு வயர் காயில் பெரும்பாலும் 90 மீட்டர். நூறு என்று போட்டால் காயிலுக்குப் பத்து மீட்டர் காணாமல் போகும். சிமெண்ட் ஒன்றுதான் தொல்லையில்லாதது: மூட்டை 50 கிலோ, டன்னுக்கு 20 மூட்டை. எது நிலையான அளவு, எது லோடுக்கு லோடு மாறும் அளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

5. பாக்கிகளை உறுதி செய்யுங்கள். வாடிக்கையாளர், சப்ளையர் ஒவ்வொருவரிடமும் "எங்கள் கணக்குப்படி இவ்வளவு, சரியா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கமா என்று பாருங்கள். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். அடுத்த பத்தும் அவருடைய பான் எண். இந்த ஒரு சோதனையிலேயே எங்களுக்கு நிறையத் தப்பு அகப்பட்டது.

6. யார் பொறுப்பு என்று தீர்மானியுங்கள். சரக்குப் பட்டியலைத் திருத்த ஒருவருக்கே அதிகாரம் வேண்டும். சரக்கு வாங்குகிறவரே பணம் கொடுக்கவும் அனுமதி தரக் கூடாது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டக் கூடாது (ஒட்டியிருந்தார்கள்!).

7. சொல்லிக் கொடுங்கள், தமிழில், அவர்கள் இடத்தில். ஆபீஸில் புரொஜக்டர் போட்டு இங்கிலீஷில் நடத்திய வகுப்பில் லோடுமேன்கள் தூங்கினார்கள். அதையே யார்டில், அன்று வந்த லோடை வைத்து, அவர்கள் கையாலேயே பதியச் சொன்னபோது இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்கள். "இது வந்தா நம்ம வேலை போயிடுமா?" என்ற பயத்துக்கும் முதலிலேயே பதில் சொல்ல வேண்டும். பயந்தவர் தெரிந்ததைச் சொல்ல மாட்டார்.

8. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, மாறும் நாளைப் பார்த்து வையுங்கள். ஒரு மாதமாவது பழைய நோட்டும் புதிய முறையும் சேர்ந்து ஓடட்டும். வித்தியாசம் வந்தால் ஆளைச் சந்தேகப்படும் முன் கணக்கைச் சந்தேகப்படுங்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் மாறுங்கள். எங்களுக்கு அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆனால் மழைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கம் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்கு வரிசை எண் அச்சிட்ட கைச்சீட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். கரண்டு வந்ததும் எண் வாரியாக ஏற்றிவிடலாம்.

நம் பங்கு என்ன?

தோழர்களே, இந்தச் சாலையில் சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யார்டில் கம்பி தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் பாஷையும் தெரிந்தவர்கள் குறைவு. டிப்ளமோ படித்த நமக்கு அந்த இடம் காத்திருக்கிறது. சூத்திரமும் தெரியும், லேத் ஒர்க் ஷாப்பில் கை கறுத்தும் இருக்கிறோம். ஆனால் நாலு எழுத்துப் படித்த திமிரில், அனுபவஸ்தரைக் கேட்காமல் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு ஒருவர் மானத்தில் போய் முடியும். அன்று அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால்? இருபது வருஷம் நாணயமாக உழைத்த மனிதர், நான் தட்டிய ஒரு எண்ணால் தலைகுனிந்து வெளியேறியிருப்பார். நானும் நல்ல மார்க்கோடு டிரெயினிங்கை முடித்து வந்திருப்பேன். நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

கடைசி வாரம் ஸ்டோர் கீப்பர் ஐயாவுக்குத் தனி லாகின் கொடுத்தார்கள். எடை, எண்ணிக்கை இரண்டு கட்டத்தையும் அவர்தான் நிரப்புகிறார். ஆபீஸில் யாரும் மாற்ற முடியாது. ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டுவார். தட்டி முடித்ததும் பழைய நோட்டிலும் ஒரு வரி எழுதுவார். "இன்னும் எதுக்கு ஐயா நோட்டு?" என்று கேட்டேன்.

"உன் கம்ப்யூட்டரு சரியா இருக்கானு பார்க்கத்தான் தம்பி" என்றார்.

நீங்கள் டிரெயினிங் போகும் இடத்திலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். முதல் நாளே போய்க் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)